ஏரி கோடி போனதை உங்களுக்கு யார் சொன்னது?

கலவை ரோடு உரக்கடை:

எங்கள் ஊர் ஆற்காட்டிலிருந்து கலவைக்குப் போகிற வழியில் இருக்கிறது. பெயர் வேண்டாம், சொன்னால் நாளைக்கே கடைக்கு வந்து கேட்பார்கள். ஒரு கடைத்தெரு, ஒரு ரைஸ்மில், இரண்டு டீக்கடை, வாரச் சந்தை, அவ்வளவுதான் ஊர். நான் உரமும் பூச்சிமருந்தும் விற்கிறேன். யூரியா வாங்க வருகிறவர் யூரியாவை மட்டும் வாங்கிக்கொண்டு போவதில்லை. யார் கொல்லையில் மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போனார்கள், எந்தக் கழனிக்கு விலை பேசி முறிந்தது, யார் பெண்ணுக்கு வேலூரில் நர்சிங் சீட்டு கிடைத்தது, எல்லாவற்றையும் கல்லா முன்னால் கொட்டிவிட்டுத்தான் மூட்டையைத் தூக்குவார்.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு எண்ணம். பேப்பரைப் படித்துவிட்டு யாரும் எழுந்து ஓடி நான் பார்த்ததில்லை. ஓட வைக்கிற சேதி வேறு எங்கிருந்தோ வருகிறது.

2021 நவம்பர் மழையை எடுத்துக்கொள்ளுங்கள். டிவியில் பாலாறு, பாலாறு என்று பகல் முழுக்கக் காட்டினார்கள். மேல்பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களைக்கூடக் காட்டினார்கள். எங்கள் ஊர் ஏரியைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்களுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். ஏரி நிரம்பிவிட்டதா, கோடி எப்போது போகும் (நிரம்பிய ஏரி வழிந்து ஓடுவதைத்தான் கோடி போவது என்போம்), கோடிக்கால்வாய் ஓரம் நட்டிருக்கிற சம்பா என்ன ஆகும், அங்கே இருக்கிற மோட்டாரை இன்று கழற்றுவதா நாளைக்குக் கழற்றுவதா. தாலுகா ஆபீசுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் சேதி கொண்டுவந்தது மாடு மேய்க்கிற ஒரு பாட்டி. முக்காடாகப் போட்ட உரச்சாக்கோடு கடைத்தெரு நடுவில் நின்று கத்தினார்: "ஏரி கோடி பூட்ச்சிடா! கெண்ட எகிறிகினு வருது, வலை இருக்கறவன்லாம் ஓடியாங்க!"

வெள்ளம் என்று அவர் சொல்லவே இல்லை. மீன் என்றுதான் சொன்னார். ஊரே கொசுவலை, புடவை, கூடை என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஓடிப்போய் தண்ணீரின் வேகத்தைக் கண்ணால் பார்த்த பிறகு பாதிப் பேர் மீனை விட்டுவிட்டு மோட்டாரைக் கழற்றப் போனார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மைக் கட்டிய ஜீப் வந்து எச்சரிக்கை செய்தது. அதற்குள் பல வீட்டில் மீன் குழம்பு கொதித்து இறக்கியாகிவிட்டது.

சரி, உங்கள் ஊர்க் கதையைச் சொல்லுங்கள். பெரிய சேதி ஒன்று முதலில் யார் வாயிலாக வந்தது, நம்பினீர்களா, அப்புறம் என்ன நடந்தது. 2019-இல் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், அதற்கு முன்பு 1989-லேயே திருவண்ணாமலை தனியாகப் போய்விட்டது. அதெல்லாம் இங்கே கணக்கில்லை. பழைய வட ஆற்காட்டுக்காரர்கள் எல்லாரும் எழுதலாம்.

நெமிலி நஞ்சை:

எங்கள் பக்கத்துக்குக் காவேரிப்பாக்கம் ஏரிதான் எல்லாம். பல்லவர் காலத்து ஏரி, ஏறக்குறைய 4,000 ஏக்கர் பரப்பு. வாலாஜா பக்கத்தில் பாலாற்றின் குறுக்கே 1850-களில் கட்டிய அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வரும். ஆற்றில் வந்தால் கால்வாயில் வரும், கால்வாயில் வந்தால் ஏரியில் வரும். ஆறோ வருஷக்கணக்கில் வெறும் மணலாகக் கிடக்கும். அதனால் "அணைக்கட்டில் தண்ணி தட்டிடுச்சாம்" என்பது எங்களுக்குக் கல்யாணச் சேதி மாதிரி. வாலாஜாவில் பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள் எல்லாருக்கும் அன்றைக்குப் போன் போகும். "போய் ஒரு எட்டு பாத்துட்டு சொல்லு மாப்ள."

அந்த நவம்பரில் ஆந்திராவில் கலவகுண்டா அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரால் பொன்னை ஆறு பெருகிப் பாலாற்றில் விழுந்தது. மேற்கே இருந்து வருகிற பாலாற்று வெள்ளம் வேறு. எங்கள் மாமா வீடு ஆற்றோரம். ஆட்டோவில் மைக் வைத்துச் சொன்னார்கள், கரையோரத்தில் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போகவும் என்று. மாமா அசையவில்லை. "வருஷா வருஷம் சொல்றாங்க, கணுக்கால் தண்ணி வராது" என்று கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். சாயங்காலம் ஆற்றங்கரையில் கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர் குட்டிகளைக் கூண்டோடு தலையில் வைத்துக்கொண்டு, மந்தையை ஓட்டிக்கொண்டு, ரோட்டைத் தாண்டி மேட்டுக்கொல்லைக்குப் போனார். மாமாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா எழுந்து அரிசி மூட்டையைப் பரண் மேல் ஏற்றினார், பத்திரத்தை எடுத்து மடியில் கட்டினார், குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் அவர் வீட்டு வாசல்படி வரை தண்ணீர் நின்றது.

மைக்கை நம்பாதவர் ஆட்டை நம்பினார் என்று நாங்கள் இன்றைக்கும் கிண்டல் செய்வோம். அவர் சொல்கிற பதில்: "மைக்காரனுக்கு என்னாப்பா போவுது? ஆட்டுக்காரனுக்கு அதான் சொத்து."

குடியாத்தம் பீடிக்கட்டு:

என் கதை அதே நவம்பர், அதே மழைக்குப் பின்னால். எங்கள் கிராமம் குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் இடையில். அம்மா பீடி சுற்றுகிறார், நான் ஸ்கூலில் டீச்சர்.

2021 நவம்பர் 29 விடியற்காலை நாலேகால் மணி வாக்கில் வீடு ஆடியது. அலமாரிப் பாத்திரம் கலகலவென்று சத்தம். கீழே இருந்து லாரி போகிற மாதிரி ஓர் உறுமல். தெருவே வாசலில். ஒருவர் கல்குவாரியில் வேட்டு வைத்தார்கள் என்றார். விடியற்காலையில் யார் வேட்டு வைப்பார்கள்? இன்னொருவர் மழைத் தண்ணீர் பூமிக்குள் இறங்கியதால் உள்ளே காற்று புரள்கிறது என்றார். பயந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பத்து நாள் முன்னால்தான் பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து 9 பேர் செத்துப்போனார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. எங்கள் தெருவில் பாதிச் சுவர் இன்னும் ஈரம் காயாமல் இருந்தது.

பொழுது விடிந்ததும் ஒரு வாய்ஸ் மெசேஜ். ஆண் குரல். "இன்னிக்கு நைட்டு பன்னெண்டு மணிக்கு இத விட பெருசு வருது, யாரும் வூட்ல படுக்காதீங்க, தெரிஞ்சவங்க எல்லாருக்கும் அனுப்புங்க." அன்று ராத்திரி கார்த்திகைப் பனியில் அத்தனை பேரும் பள்ளிக்கூட மைதானத்தில். கைக்குழந்தைகள், சர்க்கரை நோயாளிகள், ஆடு, கோழி எல்லாம். ஒன்றும் வரவில்லை.

எனக்குக் கோபம். அந்தக் குரல் யாருடையது என்று தேட ஆரம்பித்தேன். எனக்கு அனுப்பிய பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டேன். அவருக்குத் தம்பி அனுப்பினானாம். தம்பிக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் கூட வேலை செய்கிறவர். அவருக்குப் பெங்களூரில் இருக்கிற மச்சான். மச்சானைப் பிடித்தால், "எங்க சித்தி அனுப்புனாங்க, உங்க ஊருதான்" என்றார். அந்தச் சித்தி எங்கள் தெருக் கடைசி வீடு. பால் வாங்க நின்ற இடத்தில் யாரோ பேசியதை அவர் வீட்டுப் பையன் போனில் விளையாட்டாகச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறான். எங்கள் தெருவில் கிளம்பி, ஆம்பூர், பெங்களூர் எல்லாம் பார்த்துவிட்டு, எங்கள் தெருவுக்கே அது வந்து சேர்ந்திருக்கிறது. நடுவில் இருந்த எல்லாரும் நல்ல மனசோடுதான் அனுப்பினார்கள். அதுதான் கஷ்டம், யாரைத் திட்டுவது?

அப்புறம் பேப்பரில் ரிக்டர் அளவில் 3.6 என்று போட்டார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். "அவ்ளோதானா?" என்று அவருக்கு ஒரே ஏமாற்றம். அந்த நடுக்கத்துக்குக் குறைந்தது எட்டு என்றாவது போட்டிருக்க வேண்டும் என்று அவர் கட்சி. டிசம்பர் 23 மத்தியானம் மறுபடி ஆடியது, 3.5. அந்தத் தடவை வாய்ஸ் மெசேஜ் வந்ததும் நானே பதிலுக்கு ஒன்று பேசி அனுப்பினேன், பூகம்பம் எந்த மணிக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது என்று. கொஞ்சம் பேர் கேட்டார்கள். கொஞ்சம் பேர் "டீச்சருக்குத் திமிரு" என்றார்களாம்.

பேரணாம்பட்டு மாந்தோப்பு:

டீச்சர் அக்கா சொல்வது சரிதான், ஆனால் போனை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. எங்களுக்கு ஆந்திரா எல்லையிலிருந்து, கவுண்டின்யா காட்டிலிருந்து யானை வரும். மாங்காய்க் காலத்திலும் வாழை குலை தள்ளும்போதும் கட்டாயம் வரும். முதல் தோப்புக்காரர் பார்த்தால் அடுத்த தோப்புக்கு மூன்று மிஸ்டு கால். அவர் அடுத்தவருக்கு. பேச நேரமில்லை, வெளிச்சம் போடவும் கூடாது. மூன்று அடித்தால் யானை, இரண்டு அடித்தால் பன்றி. இதை எந்த அதிகாரியும் சொல்லித்தரவில்லை. ஃபாரஸ்ட்காரர்களுக்கு அப்புறம் சொல்வோம், அவர்களும் வருவார்கள், பட்டாசு வெடிப்பார்கள். ஒரு தடவை கடன் வாங்கினவனைத் தேடி ஃபைனான்ஸ்காரர் ஒருவர் விடாமல் மூன்று தடவை அடித்துவிட்டு வைத்துவிட்டார். அந்த ராத்திரி நாலு கிராமம் தூங்கவில்லை.

கடைத்தெரு ஃபிளெக்ஸ்:

சாவுச் சேதி முதலில் தெரிவது சொந்தக்காரருக்கு. இரண்டாவது எனக்கு. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள், விடிவதற்குள் கம்பத்தில் இருக்க வேண்டும்.

ஒரு தடவை ஒரு போன். ஒரு பெரியவர், எனக்கு நன்றாகத் தெரிந்தவர், வேலூர் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டார், போட்டோ அனுப்புகிறோம், இருபது போஸ்டர் வேண்டும் என்று. சொன்னது அவர் பங்காளி மகன். எனக்குக் கை ஓடவில்லை. பெரியவருக்கும் பங்காளிக்கும் பொதுக் கிணறு விஷயமாகப் பேச்சே இல்லாமல் இருந்தது. போஸ்டரில் பங்காளி குடும்பம் பெயரைத்தான் முதலில் போடச் சொன்னான். டிசைன் செய்து வைத்தேன், பிரிண்ட் போடவில்லை. விடியற்காலை டீக்கடையில் விசாரித்தால், பெரியவருக்குச் சீரியஸ்தான், ஆனால் உயிரோடு இருக்கிறார். பிழைத்து வந்து ஐந்து வருஷம் இருந்தார். விஷயம் எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் கடைக்கே வந்து, "எம் போஸ்டர காட்டுடா" என்றார். கம்ப்யூட்டரில் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, போட்டோ நல்லா இல்லை, வேற எடுத்துத் தரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தந்தும் விட்டார். கடைசியில் அந்தப் போட்டோதான் போட்டோம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சட்டம்: ஆம்புலன்ஸ் ஊருக்குள் வந்த பிறகுதான் பிரிண்ட்.

வாலாஜா பென்ஷன்:

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துத் தண்டோராவுக்கு ஈடு உண்டா? தமுக்குச் சத்தம் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவோம். "இதனால் சகலமானவர்களுக்கும்" என்று ஆரம்பித்தால் அதில் பொய் இருக்காது. மணியக்காரர் சொல்லி அனுப்பியது, ஊர் முழுக்க ஒரே சேதி. 1980-இல் மணியக்காரர், கர்ணம் பதவிகளை எடுத்தார்கள், பிறகு ஒவ்வொன்றாகப் போய்விட்டது.

அணைக்கட்டுக் காலனி:

வாலாஜா ஐயா, வாசலில் நின்று கேட்டவர் நீங்கள். தெருவில் நின்று அடித்தவர் என் தாத்தா. அதனால் கொஞ்சம் நான் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தாத்தாவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை களத்தில் நெல் அளப்பார்கள். அதுவும் எல்லாரும் அளந்து முடித்த பிறகு, கடைசியில். மழையோ, அக்னி நட்சத்திர வெயிலோ, வரச்சொன்னால் வர வேண்டும். ரேஷனில் சர்க்கரை வந்திருக்கிறது, வரி கட்டக் கடைசித் தேதி, புளியமரம் ஏலம், நாளைக்குக் கூட்டம், எல்லாவற்றையும் தெருத்தெருவாகச் சொன்னவர். சில தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து சொன்னவர். கூட்டம் இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொன்னாரே, அந்தக் கூட்டத்தில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. புளியமரம் ஏலம் என்று அறிவித்தவர் ஏலம் கேட்டதில்லை. அப்பாவையும் கூப்பிட்டார்கள். அப்பா சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அவர் ஊரைவிட்டுப் போனதற்கு முக்கால்வாசிக் காரணம் அந்தத் தமுக்குதான்.

2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் மாவட்டங்களுக்குக் கடிதம் எழுதினார், தண்டோரா போடுவதை நிறுத்த வேண்டும், வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால் போதும் என்று. அந்தச் சேதியை எங்களுக்கு யாரும் தண்டோரா போட்டுச் சொல்லவில்லை. நான் போனில் படித்தேன். தாத்தா அப்போது இல்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இப்பதான் தெரிஞ்சிதா அவங்களுக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த அம்மா இப்போது கிராம சபைக்குப் போகிறார். முன்பு வருஷத்துக்கு நாலு, இப்போது ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எனக்கே இது மனப்பாடம் ஆனது அம்மாவால்தான். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து போய் முன்வரிசையில் உட்காருவார்கள். ஒரு தடவை கையெழுத்து வாங்க நோட்டு வந்தபோது அம்மா, "இன்னா எழுதிகீதுன்னு படிங்க, அப்பறம் போடறோம்" என்றார். படிக்க வேண்டியதாகிவிட்டது. எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டு முடித்தாகிவிட்டது என்று அதில் இருந்தது. குழாய் போட்ட சேதி குழாய் போட்ட தெருவுக்கே அப்போதுதான் தெரிகிறது! அங்கேயே கூச்சல். அடுத்த வாரம் பள்ளம் தோண்ட ஆள் வந்தார்கள். குழாயில் இப்போது தண்ணீர் வருகிறது, ஒருநாள் விட்டு ஒருநாள்.

போன வருஷம் ஊரில் ஒரு பெரிய குடும்பத்துச் சாவு. தம்பியைப் பறை அடிக்க வரச்சொல்லி ஒருவர் வந்தார். பணம் எவ்வளவு வேண்டுமானாலும் என்றார். தம்பி ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. மேடையில் பறை அடிப்பான், வாத்தியமாக, அதற்குச் சம்மதம். சாவு வீட்டுக்கு வரச்சொன்னால் மாட்டான். "ஷிஃப்ட் இருக்குதுண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வாலாஜா பென்ஷன்:

தம்பி சொன்னது உறைக்கிறது. நான் சத்தத்தை மட்டும் நினைத்துக்கொண்டு எழுதினேன். உங்கள் அம்மாவை ஒருநாள் எங்கள் கிராம சபைக்கும் அனுப்புங்கள்.

பொய்கை செவ்வாய்:

மாட்டுச் சந்தைக்காரன் நான். பொய்கையில் செவ்வாய்க்கிழமை சந்தை. வெளிமாநில வியாபாரிகளும் வருவார்கள். விலை எல்லாம் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசுவது, வாயைத் திறந்தால் வியாபாரம் கெட்டுவிடும். ஆனால் சேதி என்று வந்தால் ஒருவரும் வாயை மூட மாட்டார்கள். எந்த ஊரில் மாட்டுக்குத் தோல் கழலை நோய் வந்திருக்கிறது என்பது டாக்டருக்குத் தெரிவதற்கு முன்னால் சந்தையில் தெரியும், ஏனென்றால் அந்த ஊர் மாட்டை அன்றைக்கு யாரும் தொட மாட்டார்கள். தேர்தல் காலம் எங்களுக்குப் பெரும் தொல்லை. 50,000 ரூபாய்க்கு மேல் கையில் வைத்திருந்தால் கணக்கு காட்ட வேண்டும். ஒரு ஜோடி நல்ல மாடு அதற்கு மேல் போகும். விற்றவனுக்கு ரசீது ஏது? எந்த இடத்தில் பறக்கும் படை நிற்கிறது என்று லாரி டிரைவர்கள்தான் சொல்வார்கள். பாதிச் சந்தை காலியாகிவிடும். மற்றவர்கள் கதை அளவுக்கு என்னுடையது இல்லை, நிறுத்திக்கொள்கிறேன்.

ஆரணிக் களம்:

நெல் போடுகிறவர்களுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். நவரை அறுப்பு. கொள்முதல் நிலையம் திங்கட்கிழமை திறக்கிறார்கள் என்று மெசேஜ் வந்தது. மெசேஜ் உண்மை, அதிகாரி அனுப்பியதுதான். அதை நம்பி ஊரே மிஷின் விட்டு அறுத்து, நெல்லைக் கொண்டுபோய் நிலையத்து முன்னால் கொட்டினோம். திங்கள் போனது, செவ்வாய் போனது. திறந்தபாடில்லை. வானம் கருக்கிறது. தார்ப்பாய் வாடகை ஒரு பக்கம், ராத்திரிக் காவல் ஒரு பக்கம். தனியார் வியாபாரி பைக்கில் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறார், விலை இன்னும் இறங்கட்டும் என்று. அரசு விலையை நம்பித்தான் காத்திருந்தோம். 2025 செப்டம்பரிலிருந்து குவிண்டாலுக்குச் சன்ன ரகம் 2,545, பொது ரகம் 2,500 என்று ஆக்கியிருக்கிறார்கள், வெளியில் அந்த விலை எங்கே கிடைக்கும்?

மூட்டை தூக்குகிற ஒருவர் பீடி பற்றவைக்க வந்தார். "எப்பண்ணா திறப்பாங்க?" என்று கேட்டேன். "சாக்கு வரலியே" என்றார், எல்லாருக்கும் தெரிந்த விஷயம் போல. எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சாக்கு இல்லாமல் எதில் பிடிப்பார்கள்? ஆட்கள், தராசு, ஈரம் பார்க்கிற மெஷின் எல்லாம் இருந்தது, 40 கிலோ பிடிக்கிற சாக்குதான் இல்லை. அந்த ஒரு வார்த்தை நாலு நாள் முன்னால் தெரிந்திருந்தால் அறுப்பைத் தள்ளிப்போட்டிருப்போம். மழை பெய்தது. ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். ரோட்டில் கொட்டிக் காயவைத்து, திரும்ப அள்ளி, அதில் போன கூலி தனி.

இப்போது நான் மெசேஜ் பார்ப்பதில்லை. அந்த அண்ணனுக்குப் போன் போட்டு, "சாக்கு வந்துச்சா?" என்று மட்டும் கேட்பேன்.

கலவை ரோடு உரக்கடை:

ஆரணி அண்ணா, இதை அச்சடித்துக் கடை வாசலில் ஒட்டலாம் போலிருக்கிறது. எங்கள் பக்கமும் இதே கதைதான்.

இலவம்பாடிப் பக்கம்:

சின்னச் சேதி. எங்கள் முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. என் அப்பா அதைத் தெரிந்துகொண்டது வேலூர் நேதாஜி மார்க்கெட்டில். எப்போதும் "முள்ளு குத்துது, விலைய கொறை" என்று பேரம் பேசுகிற வியாபாரி அன்று, "முள்ளு இருக்கறதுதானே?" என்று கேட்டு வாங்கினாராம். ஏதோ நடந்திருக்கிறது என்று அப்பாவுக்குச் சந்தேகம். வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார். விலை எவ்வளவு ஏறியது என்று கேட்காதீர்கள். முள்ளுக்கு மரியாதை ஏறியது, அவ்வளவுதான் இப்போதைக்கு.

படுகளம் பார்த்தவன்:

எல்லாரும் சேதி கொண்டுவந்த ஆளைப் பற்றிச் சொன்னீர்கள். எங்கள் ஊரில் ஒரு சேதி கூத்து மேடையில் வெளிவந்தது.

செய்யாற்றுப் பக்கம் எங்கள் ஊர். தருமராஜா கோயிலில் அக்னி வசந்த விழா. மத்தியானம் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி பத்து மணிக்கு மேல் விடிய விடியக் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று உயரமான மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து எலுமிச்சம்பழமும் வில்வமும் விபூதியும் போடுவார்கள், பிள்ளை இல்லாதவர்கள் மடியேந்தி நிற்பார்கள். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனனைத் தெரு நீளத்துக்குப் படுக்க வைத்துப் படுகளம், சாயங்காலம் தீமிதி. இது தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த வருஷம் ஊரில் ஒரு புகைச்சல். ஏரி மீன் ஏலப் பணத்தில் ஒரு பங்கு கோயிலுக்கு என்று பேச்சு. ஏரி நிரம்பிய வருஷம், நல்ல விலைக்குப் போனது. பணம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் ஒன்றுக்குள் ஒன்று, சம்பந்தம் செய்தவர்கள். டீக்கடையில் முணுமுணுப்பார்கள், சம்பந்தப்பட்டவர் வந்தால் மழையைப் பற்றிப் பேசுவார்கள். அவர் பெயர் வேண்டாம், மனிதர் மோசமில்லை.

பகடை துகில் ராத்திரி. தருமர் நாட்டை வைத்துத் தோற்றார், தம்பிகளை வைத்துத் தோற்றார். ஆர்மோனியம் இழுக்கிறது, முகவீணை அழுகிறது, பெண்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். கூத்தில் கோமாளியாக வருகிற கட்டியங்காரன் நடுவில் புகுந்தார். கட்டியங்காரனுக்கு எந்த ராஜாவிடமும் எதையும் கேட்க உரிமை உண்டு, அதுதான் அந்த வேஷத்தின் வசதி. "தருமராஜா, தருமராஜா, ஒரு டவுட்டு."

"கேள்."

"நாட்ட வெச்சி ஆடுன, சரி. தம்பிங்கள வெச்சி ஆடுன, சரி. ஏரி மீன் ஏலப் பணத்த எந்தாட்டத்துல வெச்சி ஆடுன?"

ஒரு நொடி அமைதி. அப்புறம் பின்னால் கோணிப்பையில் படுத்திருந்த கிழவிகளிடமிருந்து சிரிப்பு கிளம்பி முன்வரிசைவரை வந்தது. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரும் சிரிக்க வேண்டியதாகிவிட்டது. சிரிக்காவிட்டால் மாட்டிக்கொள்வாரே. தருமர் வேஷக்காரர் அசரவில்லை. "அதற்குக் கணக்கு விதுரனிடம் இருக்கிறது" என்று சமாளித்துப் பாட்டை எடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் கோயில் சுவரில் கரும்பலகை மாட்டி, சாக்பீஸில் வரவு செலவு எழுதியிருந்தது. ஏலத் தொகை இவ்வளவு, கூத்துக் குழுவுக்கு, அதாவது ஜமாவுக்கு, முன்பணம் இவ்வளவு, மின் அலங்காரம் இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. கையிருப்பு ராத்திரியோடு ராத்திரியாக வந்தது என்று சிலர் சொல்வார்கள். எனக்குத் தெரியாது. வந்துவிட்டது, அது போதும். பலகை இன்றும் இருக்கிறது, ஒவ்வொரு திருவிழாவுக்கும் எழுதுகிறார்கள்.

வெளியூர்க் கூத்தாடிக்கு இது எப்படித் தெரிந்தது என்று ஊர் மண்டையை உடைத்துக்கொண்டது. ஜமா தங்கியிருந்தது பள்ளிக்கூடத்தில். அவர்களுக்குச் சாயங்காலம் டீ கொண்டுபோவது ஒரு அக்கா. அவரைக் கேட்டால், "நான் டீதான் குடுத்தன்" என்பார். அவர் வீட்டுக்காரர்தான் அந்த வருஷம் மீன் ஏலத்தில் கேட்டுத் தோற்றவர்.

குடியாத்தம் பீடிக்கட்டு:

அந்தக் கட்டியங்காரர் இப்போதும் வருகிறாரா? எங்கள் ஊருக்கு ஒரு ராத்திரி கூட்டிவர எவ்வளவு ஆகும்? கேட்க வேண்டிய கேள்வி எங்களிடம் நிறைய இருக்கிறது.

படுகளம் பார்த்தவன்:

வருகிறார் டீச்சர், ஆனால் முட்டி வலி, ஆட்டம் குறைந்துவிட்டது, வாய் குறையவில்லை. காசு ஜமாத் தலைவரிடம்தான் பேச வேண்டும், சீசனில் தேதி கிடைப்பது கஷ்டம், தை மாதமே சொல்லிவைத்துவிடுங்கள். முதலில் ஒருநாள் எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். கொடியேற்றம் தேதி முடிவானதும் இங்கே எழுதுகிறேன். பைக்கைக் கோயில் தெருவில் விடாதீர்கள், விடிந்தால்தான் எடுக்க முடியும். டீ சாப்பிடும்போது மட்டும் பார்த்துப் பேசுங்கள்.